வான்கோழி மேல பழி போடாதீங்க மக்கா!

மயிலைப் பார்த்து ஆடின கதையிலேயே வான்கோழிக்குப் பேரு கெட்டுப்போச்சு. அமெரிக்கா வந்த நம்ம ஆளுங்களும் அதை விடறதா இல்ல. நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வந்தா போதும், "சக்கை மாதிரி இருக்கு, நாட்டுக்கோழி முன்னாடி நிக்குமா"ன்னு ஒரே புலம்பல். போன நவம்பர் வரைக்கும் நானும் அந்தக் கோஷ்டிதான். இப்போ கட்சி மாறிட்டேன். சக்கையானதுக்கு நம்ம "கைப்பக்குவம்"தான் காரணம்.

கோவப்படாம கேளுங்க. கோழிக்குழம்புல கறி சின்னத் துண்டு. கொதிக்கிற குழம்புல கிடக்கும், வேகாம எங்க போகும்? அங்க கை சொல்றது சரி. ஆனா 12 பவுண்ட் முழுப் பறவை அப்படி இல்ல. நெஞ்சு சீக்கிரம் வெந்து காய ஆரம்பிக்கும்போது தொடை மூட்டுக்கிட்ட இன்னும் பச்சையா இருக்கும். அதுக்குப் பயந்து எல்லாத்தையும் கருக விடறோம். அப்புறம் பறவையைத் திட்டறோம்.

"ஊறவைக்கிறது, புகை போடறது எல்லாம் வெள்ளைக்காரன் வேலை"ன்னு ஒரு நண்பர் சொன்னார். உப்புக்கண்டம் போட்ட ஊரய்யா நம்மளுது! மாசிக்கருவாடு புகை காட்டாமலா வருது?

நான் செஞ்சது இதுதான். உறைஞ்ச பறவையை ஃபிரிட்ஜ்லயே மூணு நாள் வெச்சுப் பனி விட வெச்சேன். லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, மிளகு, பட்டை. ஃபிரிட்ஜ்ல வாளி நுழையல, அதனால ஐஸ் பெட்டியில 16 மணி நேரம், தண்ணி 40 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டாம. உப்பு கறியோட புரதத்தைக் கொஞ்சம் இளக்கிடும், வேகும்போது தண்ணி அவ்வளவா வெளியேறாது. அப்புறம் துடைச்சு, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ்ல திறந்தே வெச்சுத் தோலைக் காயவிட்டேன். மறுநாள் ஆப்பிள் கட்டைப் புகை, 250 டிகிரி.

நாலாவது மணி நேரத்துல தோல் தங்கம் மாதிரி மின்னுச்சு. வீட்ல பதினோரு பேர் பசியோட. "எடுத்துருப்பா, வாசனையிலேயே தெரியுதே"ன்னு எல்லாரும். தங்கமணி முறைக்கிறாங்க. தெர்மாமீட்டரைத் தொடையில குத்தினேன். 148! ஊர்லேருந்து வந்திருக்கிற எங்கம்மாவுக்கு 72 வயசு, நண்பரோட பொண்ணுக்கு நாலு வயசு. சால்மோனெல்லாவுக்கு என் கைப்பக்குவம் தெரியுமா? மூடியை மூடிட்டேன். அடுத்த ஒரு மணி நேரம் நான் வாங்கின பேச்சு இருக்கே...

அமெரிக்க விவசாயத் துறை முன்னாடி முழுப் பறவைக்கு 180 டிகிரின்னு சொல்லிட்டிருந்தது. 2006ல கோழி, வான்கோழி எல்லாத்துக்கும் குறைஞ்சது 165 போதும்னு மாத்திடுச்சு. நம்ம ஆளுங்க இன்னும் அந்தப் பழைய கணக்குலயே, இல்ல கணக்கே இல்லாம வேக வைக்கிறாங்க. சக்கை வராம என்ன வரும்?

தொடை 165 தொட்டதும் எடுத்தேன். வெட்டினா கறி லேசா ரோஸ் நிறம். "பச்சை, பச்சை"ன்னு மறுபடியும் கூச்சல். புகையில இருக்கிற வாயு கறியில சேர்ந்தா நிறம் அப்படித்தான் நிக்கும், வெந்தாலும் மாறாது. பார்த்தீங்களா? 148ல கண்ணு "வெந்துடுச்சு"ன்னுது, 165ல "வேகல"ன்னுது. ரெண்டு தடவையும் தப்பு. இந்தக் கண்ணை நம்பியா குழந்தைக்குப் பரிமாறச் சொல்றீங்க?

அம்மா மட்டும் ஒண்ணும் பேசல. நெஞ்சுக்கறியில ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, "ஜூரம் பாக்கற மாதிரி குத்திப் பாத்தியே, அதைக் கொடு, ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்"னாங்க. ஐம்பது வருஷமா சமைச்ச கை அது. அதுக்கே வெட்கம் இல்லைன்னா நமக்கென்ன?

பின்னூட்டத்துல கும்ம வர்றவங்க தாராளமா வாங்க. ஆனா உங்க பறவை எத்தனை டிகிரியில இறங்கிச்சுன்னு சொல்லிட்டுக் கும்முங்க :-)

டிஸ்கி: தட்டுல வடிஞ்ச சாறுல குழம்பு வெச்சேன், ஒரே உப்பு. அது முழுக்க என் தப்பு. ஏற்கெனவே உப்புத்தண்ணி ஏத்தின வான்கோழியும் கடையில விக்கிறாங்க. லேபிளைப் படிக்காம ஊறவெச்சா பறவையே இந்தக் கதிதான்.