நோய் எதிர்ப்புச் சக்தி மிகுந்தால் நன்மையா?

“நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குங்கள்!” 2020இல் கொரோனா வந்தது முதல் நாம் அடிக்கடி கேட்கும் விளம்பரம் இது. சூரணம் முதல் சத்துமாவு வரை இதே வாக்குறுதிதான். பெருக்கினால் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

நம் உடலில் டென்ட்ரைட்டிக் செல்கள் என்னும் காவலர்கள் உண்டு. நம் ஊர் மாமரம்போல் நாற்புறமும் கிளை விட்டிருப்பதால், மரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இவற்றுக்குப் பெயரிட்டனர். 1973இல் இவற்றை விளக்கிய ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

வைரஸ் ஒரு செல்லைத் தாக்கியதும், அச்செல் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தை வெளியிட்டு எச்சரிக்கிறது. எச்சரிக்கை எட்டியதும் டென்ட்ரைட்டிக் செல் முதிர்ச்சியடைந்து, கிருமியின் துண்டை நிணநீர்க் கணுவுக்குச் சுமந்து சென்று டி செல்களுக்குக் காட்டுகிறது. பகைவனை அடையாளம் கண்ட டி செல்கள் போருக்குப் புறப்படுகின்றன.

சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார், முதியோருக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போட்டு ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். ஊசி போட்டபின் டென்ட்ரைட்டிக் செல்கள் கூடியிருந்தன. ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரான்கள் குறைந்திருந்தன. மற்றொரு வகை இன்டர்ஃபெரான் மிகுந்திருந்தது. ஒன்று ஏற, ஒன்று இறங்குவதைப் ‘பெருக்கம்’ என்ற ஒரே சொல்லில் அடக்க முடியுமா?

இறங்க வேண்டியது இறங்காவிட்டால் துன்பமே. லூபஸ் நோயாளர் பலரிடம் இன்டர்ஃபெரான் ஓயாமல் முரசு கொட்டுகிறது. டென்ட்ரைட்டிக் செல்களும் ஓய்வின்றித் தூண்டப்பட்டு, சொந்த உடலின் பகுதிகளையே பகையெனக் காட்டுகின்றன. இந்நோயாளரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து, இன்டர்ஃபெரானின் செயலைத் தடுத்தே இந்நோயைத் தணிக்கிறது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? மூட்டு வலி, ஓயாத களைப்பு, கன்னங்களில் செந்தடிப்பு என்று ஒரு பெண் சொன்னால், “உடம்பில் சக்தி இல்லை” என்று டானிக் வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்துகிறோம். லூபஸாக இருந்தால், கடந்துபோகும் நாட்களில் சிறுநீரகமும் கெடக்கூடும்.

ஆகவே தோழியரே, அக்காவோ அம்மாவோ இப்படிச் சொன்னால், சந்தையில் மருந்து தேடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றனர் நம் முன்னோர். அமிர்தத்திற்கே அளவு உண்டென்றால், எதிர்ப்புச் சக்திக்கும் அளவு வேண்டும் அன்றோ?