பால்கோவா வாங்க ரேஸ் கார்ல போலாமா?

போன சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன். பண்ணினது என் ஸ்கூல் தோஸ்த். ராஜபாளையத்துப் பையன், இப்போ மெக்கானிக்கல் மூணாவது வருஷம்.

"மாப்ள, கோயமுத்தூர்ல ஒரு குடோன்ல பழைய ஃபார்முலா கார் ஒண்ணு கிடக்குடா. மாருதி இன்ஜின். வாங்குறோம். பக்கத்துல இன்னொரு சீட்டைப் போடுறோம். நம்பர் பிளேட் மாட்டுறோம். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர்... பால்கோவா... ரிட்டர்ன்!"

கேட்கும்போதே ஜிவ்வுனு ஏறுதுல்ல? எனக்கும் ஏறுச்சு. ஆனா அடுத்து அவன் சொன்னதுல சர்ருனு இறங்கிடுச்சு. அட்வான்ஸ் கொடுக்க அவன் எடுத்து வெச்சிருந்தது, செமஸ்டர் ஃபீஸ் பணம். அவங்க அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. "திங்கக்கிழமை கொடுக்கணும் மாப்ள. அதுக்குள்ள நீ பார்த்துச் சொல்லு."

எக்ஸாமுக்குக்கூட நான் அப்படிப் படிச்சதில்லை பாஸ். படிச்சதை உங்களுக்கும் சொல்லிடுறேன். உங்க ஹாஸ்டல்லயும் இப்படி ஒரு மாப்ள கண்டிப்பா இருப்பான்!

முதல்ல இந்த வண்டியோட ஜாதகம். கோயமுத்தூர்ல எஸ்.கரிவரதன்னு ஒருத்தர் இருந்தார். ரேஸ் டிரைவர், அதைவிட முக்கியமா ரேஸ் கார் கட்டினவர். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி பண்ண காசும் பர்மிஷனும் லேசுல கிடைக்காத 1980-கள்ல, வீட்டுக்கு வீடு வந்துக்கிட்டிருந்த மாருதி 800-ஓட 796 சி.சி. இன்ஜினை எடுத்து, குழாய்ச் சட்டத்துல வெச்சு, ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயனோட ஆரம்பப் பாடம் இந்த வகைக் கார்லதான். அதே நரேன் 2005-ல ஜோர்டன் டீமுக்காக ஃபார்முலா 1 ஓட்டின முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-லேயே சின்ன ரக விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் ஓடுது.

ரோட்டுல ஓடின இன்ஜினை டிராக்குக்குக் கொண்டுபோனவர் அவர். நம்ம மாப்ள அதையே ரிவர்ஸ்ல எடுக்கப் பார்க்கிறான். ரிவர்ஸ் கியர் அவ்வளவு சுலபமா விழலை!

சீட்டுல ஆரம்பிப்போம். ஒத்தை சீட்டு காரோட காக்பிட், ஒரு ஆள் தோளுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. பக்கத்துல இன்னொருத்தரை உட்காரவைக்கணும்னா, நடுவுல போற குழாய்களை வெட்டி அகலப்படுத்தணும். அங்கதான் வினை. சிவகாசி பக்கத்துல பிறந்துட்டு தீப்பெட்டி உதாரணம் சொல்லலைன்னா எப்படி? தீப்பெட்டியோட வெளிக்கூட்டை ரெண்டு கையால முறுக்கிப் பாருங்க, விறைப்பா நிக்கும். ஒரு ஓரத்தை மட்டும் நீளவாக்குல பிளேடால கீறிட்டு இப்போ முறுக்குங்க. துணி மாதிரி வளையும். வெட்டினது ஒரே ஒரு கோடுதான், போனது மொத்த விறைப்பும். ரேஸ் கார் சட்டமும் அப்படித்தான். வளைவுல திரும்பும்போது அது முறுக்கிக்கிச்சுன்னா, சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கணும்னு நீங்க முடிவு பண்ண முடியாது.

சரி, பைக் மாதிரி பின்னால ஒருத்தர்? முதுகுக்குப் பின்னால பெட்ரோல் டேங்க், அதுக்குப் பின்னால இன்ஜின். எல்லாத்தையும் பின்னுக்குத் தள்ளணும், வண்டியை நீட்டணும். கிட்டத்தட்ட புது வண்டி! இதை ஒருத்தர் அழகா செஞ்சிருக்கார். ஃபார்முலா 1 கார்களை டிசைன் பண்ணின கார்டன் மர்ரே. 1990-களோட தொடக்கத்துல 'ராக்கெட்'னு ஒரு வண்டி கொண்டுவந்தார். யமஹா பைக் இன்ஜின், ஒருத்தர் பின்னால ஒருத்தர், எடை 400 கிலோவுக்கும் கீழே. பார்க்க அந்தக் காலத்து ரேஸ் கார், ஆனா இங்கிலாந்து ரோட்டுல ஜம்முனு போகலாம். ஆனா மர்ரே பழைய ரேஸ் காரை வெட்டலை. ரெண்டு பேருக்குன்னே முதல்ல இருந்து வரைஞ்சார்.

இதெல்லாம் பண்ணிட்டோம்னே வெச்சுக்குவோம். ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதுல எத்தனை ஸ்பீடு பிரேக்கர்னு எண்ணியிருக்கீங்களா? சில இஞ்ச் உயரத்துல தவழுற வண்டி முதல் பிரேக்கர்லயே வயித்தைத் தேய்ச்சுக்கும். பள்ளம் வெட்டாத ஸ்லிக் டயர் சூடானாதான் ரோட்டைப் பிடிக்கும், மழைன்னா வழுக்கும். ரேடியேட்டர்ல காத்து மோதிக்கிட்டே இருந்தாதான் இன்ஜின் குளிரும், ரயில்வே கேட்ல நின்னா கொதிக்கும். யூ டர்ன் அடிக்கிற அளவுக்கு ஸ்டீயரிங் திரும்பாது. ஹேண்ட் பிரேக், ஹாரன், இண்டிகேட்டர், மட்கார்டு, சைலன்ஸர் எல்லாம் புதுசா மாட்டணும். இது எல்லாத்தையும்விட எனக்குப் பயமா இருந்தது வேற. அந்த சீட்டுல உட்கார்ந்தா உங்க தலை, லாரி டயர் உயரம்தான் இருக்கும். பஞ்சு லோடு ஏத்திட்டு வர்ற டிரைவர் அண்ணாச்சி கண்ணுக்கு நீங்க தெரியவே மாட்டீங்க.

இதையும் மாப்ள சமாளிப்பான். லேத் பட்டறை மாமாக்கள் துணை இருக்காங்க. அவனால சமாளிக்க முடியாத ஆள், ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்ட்டர்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டி கட்டின கம்பெனி முதல்ல சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி. புக்குக்கும் பொருந்தாத மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாம செய்யுற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னும் சேர்த்தாங்க. கவனிங்க, 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்'! மாப்ளயோட லிஸ்ட்டைக் கூட்டினா பால்கோவா கடையையே வாங்கிடலாம்.

இதுல தமாஷ் என்னன்னா, அந்தப் பிரிவு நம்ம காருக்குக் கிட்டகூட வராது. ரேஸ் காருக்குத்தான் ஆர்.சி. புக்கே இல்லையே! புதுசா பதிவு பண்ணணும்னா ஃபாரம் 21, விற்பனைச் சான்று. ஃபாரம் 22, ரோட்டுக்குத் தகுதியானதுன்னு தயாரிப்பாளர் தர்ற சான்று. அது வேணும்னா மாதிரி வண்டியை புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. மாதிரி இடத்துல சோதனைக்குக் கொடுக்கணும். 2020 ஏப்ரல்ல இருந்து புகைக்கு பி.எஸ்.-6 வேற. 1980-கள்ல பிறந்த இன்ஜின் அதை எங்க பாஸ் பண்றது? கார்களுக்கு மோதல் சோதனையும் உண்டு. நம்மகிட்ட இருக்கிறதே ஒரு கார். அதைச் சுவத்துல மோதிக் காட்டி, 'சார், பாஸாயிடுச்சு'ன்னு தகரத்தைக் கூட்டி அள்ளிட்டு வரணும்!

இங்கிலாந்துல இதுக்கு ஒரு வாசல் வெச்சிருக்காங்க. வீட்டு ஷெட்ல ஒத்தைக் காரைக் கட்டினவங்ககூட, அந்த ஒரு வண்டியை மட்டும் அதிகாரிகிட்டக் காட்டி, சோதனையில தேறிட்டா நம்பர் வாங்கலாம். 1957-ல வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகம் பாகமா வாங்கி வீட்டுல பூட்டி ஓட்டின ஊர் அது. நம்ம நாட்டுல விதி எழுதினவங்க மனசுல இருந்தது ஆயிரக்கணக்குல கார் பண்ற கம்பெனி. லேத் பட்டறையில ஒரே ஒரு கார் பண்ற பையன் இல்லை. எனக்கு இதுல கோபம் உண்டு. ஆனா அந்தக் கோபத்தை வெச்சு நம்பர் பிளேட் அடிக்க முடியாதே.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் ஒப்பிச்சேன். மாப்ள கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "நம்பரே வேணாம்டா. நடுராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ரவுண்டு. யார் பார்க்கப் போறா?"

"பதிவு இல்லைன்னா இன்ஷூரன்ஸ் இல்லை. அந்த நேரம் பால்காரர் ஒருத்தர் சைக்கிள்ல குறுக்க வந்துட்டா, நஷ்டஈட்டை யாருடா கட்டுவா? உங்க அம்மாவா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"அப்போ நம்ம ஊர்ல திறந்த சக்கர வண்டியே ஓடக் கூடாதா?"ன்னான்.

ஓடுதேடா! ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடலையா? மட்கார்டு இல்லை, முட்டுக்கட்டைதான் பிரேக். ஆனா போலீஸ் ரோட்டை அடைச்சுக் கொடுக்கும், நாலு ரத வீதியைத் தாண்டாது. நீயும் அடைச்ச ரோட்டுல ஓட்டு. ஃபார்முலா பாரத்னு காலேஜ் பசங்க போட்டி இருக்கு, கரி ஸ்பீட்வேலயே நடக்குது. ஒத்தை சீட்டு, திறந்த சக்கரம், சட்டத்துல இருந்து எல்லாம் பசங்களே டிசைன் பண்ணிக் கட்டணும். கைக்காசு போட வேணாம், காலேஜ் டீமா சேரணும், ஸ்பான்சர் தேடணும்.

திங்கக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்தது. ஃபீஸ் கட்டின ரசீது. கீழேயே இன்னொண்ணு, கிராஃப் பேப்பர்ல பென்சில்ல வரைஞ்ச ஒரு குழாய்ச் சட்டம். நல்லாத்தான் வரைஞ்சிருந்தான். ஆனா உத்துப் பார்த்தா டிரைவர் சீட்டுக்குப் பின்னால புள்ளி புள்ளியா இன்னொரு சீட்டு!

"ரூல்ஸ்ல ஒத்தை சீட்டுதானேடா?"ன்னு கேட்டேன்.

"அது பால்கோவா வைக்கடா"ங்கிறான்.