சால்வை வேண்டாம், சம்பளம் கொடுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் 14 கூட்டம். ஏற்பாட்டாளர்களில் நானும் ஒருவன். மைக் செட்டுக்குப் பணம் கொடுத்தோம். ஃப்ளெக்ஸ், சாமியானா, நாற்காலி, வெளியூர்ப் பேச்சாளருக்கு ரயில் டிக்கெட், அவர் தங்க அறை என எல்லாவற்றுக்கும் கொடுத்தோம். கூட்டத்தைப் பறை முழக்கத்தோடு தொடங்கி வைத்த எட்டுப் பேருக்குச் சால்வை போட்டோம். இரவு பிரியாணிப் பொட்டலம். கிளம்பும்போது குழுவின் ஆசான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, வேன் வாடகை மட்டும் பாத்துக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார். கையில் மிச்சமில்லை. அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்றோம். அனுப்பவில்லை.

ஊரில் இழவு விழுந்தால் ஆள்விட்டுக் கூப்பிட்டு, நாள் முழுக்க அடிக்க வைத்து, கொஞ்சம் சாராயமும் அரிசியும் கொடுத்து அனுப்பிய ஆதிக்கச் சாதிக்காரருக்கும் நமக்கும் அன்றிரவு என்ன வித்தியாசம்? அவர் அதைக் கடமை என்றார். நாம் இயக்கம் என்றோம். எட்டுப் பேருக்கும் ஒருநாள் கூலி போனது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அதற்காக அடிவாங்கியவர்களும் உண்டு. அவர்கள் மறுத்தது இசையை அல்ல, கேட்டவுடன் வந்து நிற்கவேண்டும் என்ற கட்டளையை. அந்தக் கட்டளை இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது: "தோழர், நம்ம நிகழ்ச்சிதான், வந்துருங்க."

கல்லூரிக் கலைவிழாக்களும் இதே கதைதான். டிஜே கேட்கும் தொகைக்கு யாரும் மூச்சுவிடுவதில்லை. கானா பாடுகிற பையனிடம் மட்டும் "உனக்கு இது நல்ல மேடைப்பா" என்கிறார்கள். மேடை அவன் வீட்டு வாடகையைக் கட்டுமா?

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடத்தியபோது, கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் சாதியைப் பெயர் சொல்லித் திட்டின. சினிமாவை நம்பாமல் இப்படியும் ஓர் இசை நிற்கும் என்ற தெம்பு பலருக்கு அங்கேதான் வந்தது. அதன்பின் ஒரு தலைமுறையே அந்தப் பாட்டுகளை ஸ்டேட்டஸில் வைத்து வளர்ந்தது. ஸ்டேட்டஸ் வைப்பது தப்பில்லை. ஆனால் அதோடு நம் ஆதரவு முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் கோளாறு.

'எஞ்சாய் எஞ்சாமி'யை நினைத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வரலாற்றிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. பார்வைகள் பல கோடியைத் தாண்டின. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. நாம் கொதித்தோம், சரியாகத்தான் கொதித்தோம். பிறகு அவருக்கென்று தனி அட்டை வெளியானது. ஆனால் பணம் யாருக்குப் போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 2024இல் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று பொதுவெளியில் சொன்ன பிறகுதான் நமக்கு அது உறைத்தது. பெயருக்காகச் சண்டை போட்ட நாம் கூலியை மறந்துபோனோம்.

"நான் ஸ்பாட்டிஃபையில் தினமும் கேட்கிறேனே" என்பீர்கள். நீங்கள் கட்டும் சந்தா நீங்கள் கேட்ட கலைஞருக்கு நேராகப் போவதில்லை. எல்லார் பணமும் ஒரே தொட்டியில் விழுந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. நீங்கள் மாதம் முழுக்க ஒரு வடசென்னைப் பாடகரை மட்டுமே கேட்டாலும், உங்கள் காசின் பெரும்பகுதி பெரிய நட்சத்திரங்களின் பக்கம்தான் சாயும். இதில் 2024 முதல் இன்னொரு விதி: முந்தைய 12 மாதங்களில் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கணக்கே கிடையாது. பேண்ட்கேம்ப் மாதிரித் தளத்தில் ஒரு பாட்டை விலை கொடுத்து வாங்கினால் தளம் எடுப்பது 15 சதவீதம். கட்டணச் செலவு போக மிச்சம் கலைஞருக்கு. நம் கலைஞர்கள் பலர் அங்கே இல்லை என்பது உண்மை. அப்படியானால் ஜிபே எண் கேளுங்கள், இதில் என்ன வெட்கம்?

"கலையைக் காசாக்கினால் அரசியல் போய்விடும்" என்று ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். அவருக்கு மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறது. அவருடைய அரசியல் எங்கும் போய்விடவில்லை. பறைக்குத் தோல் வாங்கவேண்டும், வேன் பிடிக்கவேண்டும், ஒத்திகைக்கு வேலையை விட்டு வரவேண்டும். காசில்லாவிட்டால் அந்தக் குழு கலையும். கலைந்த குழு எந்த அரசியலைப் பேசும்?

மாணவர்களிடம் பணம் இருக்காது, தெரியும். ஆனால் உங்களிடம் படிப்பு இருக்கிறது. கானா எழுதும் அண்ணனிடம் யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால் அதைப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவிலோ படத்திலோ இடம்பெற்ற பாட்டின் வரிகளை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது; வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் எழுதிக் கொடுக்க முடியும். திரையரங்கில் படம் ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. இது எத்தனை பாடலாசிரியருக்குத் தெரியும்? ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராக ஆங்கிலத்தில் படிவம் நிரப்பவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை. ரீல்ஸ் போடும்போது பாடியவர், எழுதியவர் பெயரைப் போடுங்கள். 'நாட்டுப்புறப் பாட்டு' என்று மொட்டையாகப் போட்டால் எடுத்துக்கொள்பவனுக்குத்தான் வசதி. தெரிந்த கலைஞர் என்பதற்காக இலவச பாஸ் கேட்காதீர்கள். தெரிந்தவர் என்றால் முதல் டிக்கெட்டை நீங்கள்தானே வாங்கவேண்டும்?

போன ஏப்ரலுக்கு அந்த ஆசானைத் தேடிப்பிடித்து அழைத்தேன். பழைய வேன் வாடகையை முதலில் அனுப்பினேன். பிறகு, "உங்க சம்பளம் எவ்வளவுண்ணே?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் ஒரு தொகை சொல்லி, சொன்ன வேகத்தில் தானே குறைக்கவும் பார்த்தார். குறைக்கவேண்டாம் என்று சொல்லிப் பாதியை அன்றே அனுப்பிவிட்டேன்.

"ரசீது எதுவும் எழுதித் தரணுமா தம்பி?" என்றார்.