கரிக்கடையில் பிறந்த சாப்பாடு

போலந்து நாட்டின் கிராகோவ் நகரில் வேலை பார்க்கும் என் மகளோடு மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தேன். அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று சங்கக் கூட்டத்தில் நண்பர்கள் கேட்டார்கள். பாதி நாள் பிரெஞ்சு பிஸ்ட்ரோவில்தான் என்றேன். சிரித்துவிட்டார்கள். "போலந்துக்குப் போய்ப் பிரெஞ்சுச் சாப்பாடா? அது பெரிய மனிதர்கள் சாப்பாடு ஆயிற்றே!" என்று மொத்த வியாபாரி ஒருவர் கேலி செய்தார். அன்று பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில், அது பெரிய மனிதர்கள் சாப்பாடு அல்ல. நம்மைப் போன்றவர்களின் சாப்பாடு. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வழி தேடிப் பாரீசுக்கு வந்தவர்கள் விறகும் கரியும் விற்றார்கள். கணவன் கரி மூட்டையைச் சுமந்து வீடு வீடாகப் போடுவான். மனைவி கடையில் இருந்து வருவோருக்கு ஒயின் ஊற்றிக் கொடுப்பாள். பாரீசின் எத்தனையோ சிறு சாப்பாட்டுக் கடைகள் இப்படிக் கரிக்கடையிலிருந்து வளர்ந்தவை. 1814-இல் பாரீசுக்குள் நுழைந்த ருஷ்யச் சிப்பாய்கள் "பிஸ்ட்ரோ, பிஸ்ட்ரோ" (சீக்கிரம், சீக்கிரம்) என்று கத்தியதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் 1880-களில்தான் முதன்முதலாகப் பிரெஞ்சு எழுத்தில் தென்படுகிறது. ஆகவே அது கட்டுக்கதை என்றே கொள்ளலாம்.

வெங்காய சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாரீசின் பழைய மொத்த மார்க்கெட்டான லே ஆலில், விடியற்காலையில் சுமை தூக்குவோரும் மண்டிக்காரர்களும் குடித்த சூப் அது. மார்க்கெட் 1969-இல் ஊருக்கு வெளியே ரன்ஜிஸுக்குப் போய்விட்டது. சூப் நிலைத்துவிட்டது.

கிராகோவில் நான் போன கடை காஜிமியெஜ் என்ற பழைய யூதர் பேட்டையில், ஒரு சந்துக்குள் இருந்தது. இருபது பேர் உட்காரலாம். அச்சடித்த விலைப்பட்டியல் கிடையாது. சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சுண்ணக்கட்டியால் ஐந்து பண்டங்கள். அவ்வளவுதான். கல்லாவில் இருந்த அம்மாள்தான் முதலாளி. காலையில் ஸ்டாரி கிளெபாஷ் என்ற பழைய சந்தைக்குப் போய்க் காய், பழம், காளான் எல்லாம் வாங்கி வருவதும் அவரே.

அந்தப் பலகையை நான் வியாபாரியின் கண்ணால்தான் பார்த்தேன். ஐந்தே பண்டம் என்றால் கொள்முதல் சிறியது, இருப்பு சிறியது. முதல் தேங்குவதில்லை, கெட்டுப்போய்க் கொட்டுவது குறைவு. நேற்றைய ரொட்டி இன்று சூப்பின் மேல் வறுபட்டு, உருகிய பாலாடைக்கட்டியோடு வருகிறது. வெங்காயம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிதானமாக வதங்கிப் பழுப்பேறி இனிக்கிறது. (அதில் ஊற்றுவது பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. சைவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.) வாத்துக்காலை உப்பிலிட்டு, அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, அந்தக் கொழுப்பிலேயே மூடி வைக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன் இறைச்சியை மாதக்கணக்கில் காப்பாற்றக் கண்ட வழி அது. எடுத்துத் தோல் மொறுமொறுக்க வறுத்தால் கத்தியே தேவையில்லை. பக்கத்தில் அவர் வைத்தது போலந்து பீட்ரூட், போலந்து ஆப்பிள். ஐரோப்பாவிலேயே மிகுதியாக ஆப்பிள் விளைவிக்கும் நாடு அது. வேறு எதை வைப்பார்?

அப்படியானால் அது அன்னியச் சாப்பாடா? போலந்தின் அரசராக இருந்து முடி இழந்த ஸ்டானிஸ்லாவ் லெஷ்சின்ஸ்கியின் மகள் மரியா, 1725-இல் பிரெஞ்சு அரசர் 15-ஆம் லூயியை மணந்தார். அவரோடு வெர்சாய் அரண்மனைக்குப் போன பலகாரக்காரர் ஸ்டோரெர் 1730-இல் பாரீசில் சொந்தக் கடை வைத்தார். மோந்தோர்கெய் தெருவில் அந்தக் கடை இன்றும் நடக்கிறது. ரம்மில் ஊறிய 'பாபா' என்ற அதன் பேர்பெற்ற பலகாரத்துக்குப் பெயரே போலந்திலிருந்து போனது. வாங்கலும் கொடுக்கலும் இருபக்கமும் நடந்திருக்கிறது. பற்றும் வரவும் பார்த்தால் யாருக்கு யார் பாக்கி என்று சொல்ல முடியாது.

எனக்குள்ள குறை வேறு. போலந்தில் பிஸ்ட்ரோ என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டுகிறார்கள். பெரிய சாலை ஓரத்தில் அப்படி ஒரு கடையில் நுழைந்தேன். எட்டுப் பக்க விலைப்பட்டியல். எல்லா நாட்டுப் பண்டமும் இருந்தது. வந்த வாத்துக்கால் வெளியே சுட்டது, எலும்பருகே சில்லென்று இருந்தது. உறைய வைத்த சரக்கு! அதே பெயர், ஏறக்குறைய அதே விலை. சந்துக்குள் வெங்காயம் வதக்கும் அம்மாளுக்கு இது நியாயமான போட்டியா?

பிரான்சிலும் இந்தத் தொல்லை முற்றித்தான், 2014-இல் 'வீட்டிலே செய்தது' என்ற முத்திரையைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். கடையிலேயே பச்சைப் பொருளிலிருந்து சமைத்த பண்டத்துக்கு மட்டும் அதைப் போடலாம்; கூரை வைத்த வாணலிதான் அடையாளம். ஓட்டை உள்ள சட்டம்தான். உறைந்த காயைக்கூடச் சில நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் கலப்பு நெய்யும் சுத்த நெய்யும் ஒரே பெயரில் விற்கக்கூடாது என்று நாம் கேட்பது நியாயமென்றால், இதுவும் நியாயமே. கிராகோவின் சிறு கடைக்காரர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கும் இப்படி ஒன்றைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது என் கருத்து.

போலந்தில் யார் வேண்டுமானாலும் தொழில் தொடங்கலாம் என்ற சட்டம் 1988 டிசம்பரில்தான் வந்தது. அதன் பின் எழுந்த சிறு கடைகளை கொரோனா ஒரு உலுக்கு உலுக்கியது. 2020 அக்டோபர் இறுதியிலிருந்து 2021 மே வரை உள்ளே உட்காரவைத்துப் பரிமாறத் தடை. வாத்துக்காலைக் கொழுப்போடு கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்றே வாடகை கட்டினாராம் அந்த அம்மாள். பழைய வழி கைகொடுத்தது என்று மகள் மூலம் சொன்னார்.

ஊர் திரும்பும் நாள் மதியம் ஒன்றரை மணிக்குப் போனேன். நான் நுழையும்போதே ஈரத்துணியால் வாத்துக்காலின் பெயரைப் பலகையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார். தீர்ந்துவிட்டது. வெங்காய சூப் இருந்தது. இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினேன்.