மேட் என்றால் என்னடா தங்கம்?



நம் காடாம்புலியூரிலிருந்து வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகும் ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தேன். 'ரைமிங் வேர்ட்ஸ்' என்று ஒரு பக்கம். கம் என்ற சொல்லுக்கு ஜோடி ஹோம். சிவப்பு மையில் டிக்! இரண்டும் ஓ, எம், ஈ என்று முடிகிறதாம்.

ரைம் என்பது காது சம்பந்தப்பட்டது ஐயா, கண் சம்பந்தப்பட்டதல்ல. குட், ஃபூட், பிளட் மூன்றிலும் நடுவில் இரண்டு ஓ, ஓசையோ மூன்று. ப்ளூ, ஷூ, த்ரூ மூன்றையும் மூன்று விதமாக எழுதுகிறார்கள். முடிகிற ஓசை ஒன்றே. வாய்விட்டுச் சொல்ல வைக்காமல் பட்டியல் எழுதச் சொன்னால் பிள்ளை வேறென்ன எழுதும்?

(ரைம் என்றால் எதுகை என்று நம்மவர்களே சொல்கிறார்கள். எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது: கற்றவன், பெற்றது. அடியின் கடைசியில் ஒன்றி வருவது இயைபு. ரைமுக்குக் கிட்டத்தில் வருவது அதுதான்.)

இதைவிடக் கொடுமை பொருள். கேட், பேட், மேட், ரேட் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தது குழந்தை. "மேட் என்றால் என்னடா தங்கம்?" என்றேன். விழித்தது. அது உட்கார்ந்திருந்ததே பாயில்தான்! விருந்தாளி முன்னால் ரைம்ஸ் சொல்லவைத்துக் கைதட்டும் பெற்றோர்களே, யாராவது ஒருநாள் இதைக் கேட்டீர்களா?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். இன்றிரவு பிள்ளையின் நோட்டை எடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுங்கள். மிஸ் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.