பையன் ஏன் அப்பவே சொல்லலைன்னு கேக்காதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றியது. இப்ப படிக்க மனசு இல்லாதவங்க தாண்டிப் போயிடுங்க, தப்பே இல்லை.

டூட்டியில் போக்சோ கேஸ் வரும்போது கூட வந்தவங்கள்ல ஒருத்தராவது கேட்டுடுவாங்க, "இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?"ன்னு. அதுவே பையனா இருந்தா குரல்ல ஒரு சந்தேகமும் சேர்ந்து வரும். இதே கேள்வியை வச்சு ஜப்பான்ல ஒரு கம்பெனி பல பத்து வருஷம் தப்பிச்சிருக்கு. அந்தக் கதைதான் இது.

இப்ப கே-பாப் கேக்குற பிள்ளைங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க. ஆனா சின்னப் பசங்களைச் சேர்த்து, ஆடப் பாடக் கத்துக்கொடுத்து, குழுவா மேடை ஏத்துற தொழிலை அதுக்கு ரொம்ப முன்னாடியே பெரிசா நடத்தினது ஜப்பானோட ஜானிஸ் அண்ட் அசோசியேட்ஸ். 1962-ல் ஜானி கிடகாவா தொடங்கினது. ஸ்மாப், அராஷி எல்லாம் இவங்க குழுக்கள்தான்.

அங்க பயிற்சிக்குச் சேர்ற பசங்களுக்கு 'ஜூனியர்'னு பேர். பல பேரோட விண்ணப்பத்தை அனுப்பினதே வீட்ல இருக்கிற அம்மாவோ அக்காவோதான். யார் மேடை ஏறணும், யார் பின்னாடி நிக்கணும், யாருக்கு முதல் பாட்டுன்னு முடிவு பண்றது ஒரே ஆள், கிடகாவா. ராத்திரி அவர் வீட்லயே பசங்க தங்குவாங்க. வன்கொடுமை நடந்த இடங்கள்ல அந்த வீடும் ஒண்ணு.

இப்ப அந்தப் பையன் நிலையில் இருந்து பாருங்க. வயசு 13, 14. குடும்பமே இவனை டிவியில் பாக்கக் காத்திருக்கு. சொன்னா கனவு போச்சு. சொல்லலைன்னா வாய்ப்பு. சரி, சொல்லணும்னே வச்சுக்குவோம், என்ன வார்த்தையில் சொல்றது? 2017 வரைக்கும் ஜப்பான் சட்டப்படி வல்லுறவுக்குப் பெண் மட்டும்தான் பாதிக்கப்பட முடியும். சம்மத வயது 13-ன்னு 1907-ல் எழுதினதை 16-ஆ மாத்தினது 2023-ல்தான்.

டாக்டரா ஒண்ணு சொல்லணும். அந்த நேரத்துல கத்தாம, ஓடாம, உறைஞ்சு போறது பயத்துக்கு உடம்பு தர்ற பதில். அது சம்மதம் இல்லை. பரிசோதனையில் காயம் இல்லைன்னா ஒண்ணும் நடக்கலைன்னும் அர்த்தம் இல்லை, பெரும்பாலான குழந்தைகளுக்குக் காயம் இருக்காது. வெளியே சொல்ல இருபது, முப்பது வருஷம் ஆகுறதும் சாதாரணம். ஆம்பளப் பசங்க இன்னும் லேட்டா சொல்வாங்க, பலர் சொல்லவே மாட்டாங்க.

ஆனா இந்தக் கதையில் பசங்க சொல்லாமலும் இல்லை. என் கோபமே அங்கதான்.

1988-லயே அங்க பாடகரா இருந்த ஒருத்தர் புத்தகமே எழுதிட்டார். 1999-ல் ஷூகான் புன்ஷுன் வார இதழ் தொடரா வெளியிட்டுச்சு. கம்பெனி அவதூறு வழக்கு போட்டுச்சு. 2003-ல் டோக்கியோ உயர் நீதிமன்றம், மத்த சில விஷயங்களுக்காக இதழை நஷ்டஈடு கட்டச் சொன்னாலும், பாலியல் வன்முறை பத்தி எழுதினது முக்கியப் பகுதிகளில் உண்மைதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. 2004-ல் உச்ச நீதிமன்றமும் அதை மாத்தலை.

அப்புறம் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. கிடகாவா அதே நாற்காலியில். பசங்க அதே வீட்ல. டிவி சேனல்கள் வாயே திறக்கலை. எதுத்துக்கிட்டா நாளைக்கு நிகழ்ச்சிக்கு ஸ்டார் வர மாட்டாரே. கம்பெனியை விட்டுப் போன ஸ்மாப் ஆட்கள் மூணு பேரை டிவியில் போடக் கூடாதுன்னு அழுத்தம் கொடுத்த விவகாரத்துல 2019-ல் அந்த நாட்டு வணிகப் போட்டி ஆணையமே இவங்களை எச்சரிச்சிருக்கு. அவ்வளவு பிடி.

காவான் ஒகாமொட்டோன்னு ஒரு பாடகர் 2023 ஏப்ரல்ல பேர், முகத்தோட பத்திரிகையாளர்கள் முன்னாடி உக்காந்து பேசினார். அவர் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது 2012-ல், 15 வயசுல. நீதிமன்றம் சொல்லி ஒன்பது வருஷம் கழிச்சு! அவருக்கு நடந்ததை ஒரு தனி மனுஷனோட வக்கிரம்னு என்னால எழுத முடியலை. தெரிஞ்சே கதவைத் திறந்து வச்சிருந்த கம்பெனிக்கும் அதுல பங்கு இருக்கு.

கிடகாவா 2019-ல் இறந்தார், ஒரு கிரிமினல் வழக்கும் இல்லாம. டோக்கியோ டோம்ல பிரம்மாண்ட அஞ்சலி, பிரதமரோட இரங்கல் செய்தி வேற. பிபிசி ஆவணப்படம் வந்த பிறகு, 2023 ஆகஸ்ட்ல கம்பெனியே நியமிச்ச விசாரணைக் குழு சொன்னது: 1970-களின் தொடக்கத்திலிருந்து 2010-களின் நடுப்பகுதி வரை, குறைஞ்சது சில நூறு பேர் பாதிக்கப்பட்டிருக்காங்க. நிர்வாகத்தைக் கையில் வச்சிருந்த அக்கா மேரிக்குத் தெரியும், மறைச்சாங்க. ஊடகங்களோட மௌனமும் ஒரு காரணம்.

செப்டம்பர்ல அக்கா மகள் ஜூலி பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டு தலைவர் பதவியை விட்டாங்க. ஜப்பான் ஏர்லைன்ஸ், அசாஹி மாதிரி விளம்பரதாரர்கள் ஒவ்வொருத்தரா விலகினாங்க. கம்பெனி பேரை மாத்தி, இனி நஷ்டஈடு கொடுக்குறது மட்டும்தான் வேலைன்னாங்க. அக்டோபர் தொடக்கத்துலயே 478 பேர் தொடர்பு கொண்டிருந்தாங்க. நீதிமன்றத் தீர்ப்பால 20 வருஷமா அசையாதது விளம்பரப் பணம் போனதும் சில வாரத்துல அசைஞ்சுடுச்சு பாருங்க.

அதே சமயத்துல, வெளியே வந்து பேசின ஒருத்தரைப் பொய்யன், காசுக்காகச் சொல்றான்னு இணையத்துல துரத்தினாங்க. அவர் இப்ப உயிரோட இல்லை. "ஏன் அப்பவே சொல்லலை"ன்னு டைப் பண்றவங்க கொஞ்சம் யோசிங்க.

பக்கத்துல கொரியாவைப் பாருங்க. 2018-ல் 'தி ஈஸ்ட் லைட்' குழுவுல இருந்த ரெண்டு சகோதரர்கள், தயாரிப்பாளர் எங்களை அடிச்சார்னு சொன்னாங்க. பேஸ்பால் மட்டையால. ரெண்டு பேரும் டீன் ஏஜ் பசங்க. தயாரிப்பாளர் ஜெயிலுக்குப் போனார். அடிக்கிறது தெரிஞ்சும் விட்டதுக்காகக் கம்பெனித் தலைவரும் குற்றவாளின்னு தீர்ப்பு, 2020-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு. அவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனைதான், எனக்கு அது பத்தாது. ஆனா "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை"ங்கிற வாசலை மூடிட்டாங்க.

நான் கேக்குறது அதைத்தான். ஜப்பானோட குழந்தை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பெற்றோர், காப்பாளர் செய்றதை மட்டும்தான் வன்கொடுமையா வரையறுக்குது. ஏஜென்சி முதலாளி அதுல வரவே மாட்டார். அதை மாத்தச் சொல்லி ஒகாமொட்டோ உட்பட பாதிக்கப்பட்டவங்களே கையெழுத்து வாங்கிக் கொடுத்தாங்க.

நம்ம போக்சோ சட்டப்படி, தெரிஞ்சும் புகார் தராம விட்டா எனக்கு ஆறு மாசம் வரை ஜெயில். கீழ வேலை பாக்குறவர் செஞ்ச குற்றத்தை மறைச்சா நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை. ஆணோ பெண்ணோ, 18 வயசுக்குக் கீழ இருந்தா குழந்தைதான். (நாம இதை ஒழுங்கா செயல்படுத்துறோமான்னு கேட்டா அது தனி த்ரெட். நல்ல த்ரெட்டா இருக்காது.)

ரசிகர்களுக்கு ஒண்ணு. பாடுற பசங்க மேல கோபப்படாதீங்க. அவங்கள்ல யாருக்கு என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. அவங்க வாயிலிருந்து பிடுங்கவும் கூடாது. ஆல்பம் வாங்குற, டிக்கெட் வாங்குற உரிமையில் கம்பெனியைக் கேளுங்க: பயிற்சிப் பசங்க எங்க தங்குறாங்க? யார் கூட? புகார் கொடுத்தா அது யார் கைக்குப் போகுது? அந்தக் கை முதலாளியோட சொந்தக்காரர் கையா?

உங்க வீட்டுப் பையன் என்னைக்காவது இப்படி ஒண்ணைச் சொல்ல ஆரம்பிச்சா, நடுவுல கேள்வி கேக்காம முழுசா கேளுங்க. "நம்புறேன்"னு சொல்லுங்க. அப்புறம் 1098-க்குக் கூப்பிடுங்க, இல்லைன்னா பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் பரவாயில்லை, எங்கள்ல யாராவது இருப்போம்.