ஓட்டமும் ஓய்வும் ஒரு துண்டுப் பாணும்

மலையகப் பாடசாலைகளில் விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்துவிட்டால் நம் மாணவரிடையே புதியதோர் ஊக்கம் பிறந்துவிடுகிறது. பெரட்டுக் களத்திற்குத் தொழிலாளர் வந்து சேருமுன்னரே, பனி படர்ந்த தோட்டப் பாதைகளில் அவர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றனர். போற்றத்தக்க முயற்சிதான். ஆயினும், நாள் தவறாது தன்னை வருத்திக்கொள்பவனே வெல்வான் என்றும், ஒரு நாள் ஓய்ந்திருப்பவன் சோம்பேறி என்றும் அவர்களிற் பலர் கருதுகின்றனர். பெற்றோர் சிலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். போட்டி நாளன்று காலில் வலியோடும் காய்ச்சலோடும் பிள்ளை படுத்துவிடுவதற்கு இவ்வெண்ணமே பல வேளைகளில் காரணமாகின்றது.

உண்மை யாதெனில், ஓடும்போது உடல் வலுப்பெறுவதில்லை, ஓய்வெடுக்கும்போதே வலுப்பெறுகின்றது. நெடுந்தூரம் ஓடுகையில் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. தசைகளிற் சேமித்து வைத்த மாச்சத்தும் செலவாகின்றது. உறக்கமும் உணவும் அவற்றைச் சீர்செய்து, முன்னிருந்ததைவிடச் சற்று உறுதியாக ஆக்குகின்றன. செலவான மாச்சத்து மீண்டும் நிறைய ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். மேலும், நம் நாட்டு இறக்கங்கள் வஞ்சகமானவை. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் அதுவே கடினம் என எண்ணுகிறோம். தொடைத் தசைகளை மிகுதியாகப் புண்படுத்துவதோ இறக்கத்தில் ஓடும் ஓட்டமே.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஓட்டப் பயிற்சியாளராக விளங்கிய பில் பவர்மன் இதனை நன்குணர்ந்தவர். கடும் பயிற்சி நாளை அடுத்து இலகுவான நாள் ஒன்று வரவேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அம்மனிதரின் சமையலறைக் கதையும் சுவையானது. 1970களின் தொடக்கத்தில், வீட்டில் வாஃபிள் என்னும் பணியாரம் சுடும் இரும்பச்சிலே இறப்பர் போன்ற கலவையை வார்த்து, ஓட்டச் சப்பாத்துக்குப் புதுவகை அடித்தட்டு ஒன்றைச் செய்ய முயன்றார் அவர். பணியார அச்சு பாழாயிற்று. சப்பாத்து உலகப் புகழ் பெற்றது! ஓட்டத்திற்கும் அடுப்படிக்கும் உறவில்லை என்று யார் சொல்வது?

நம் மலைநாட்டுக்கு இயற்கை அளித்த கொடை ஒன்றுண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறைவாதலின், அங்கே நெடுநாள் வாழ்வோரின் உடல் அதற்கேற்பப் பழகிக்கொள்கின்றது. 1968இல், 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிக்கோ நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றபோது, மரதன் ஓட்டத்தில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயும், 1,500 மீற்றரில் கென்யாவின் கிப்சோகே கெய்னோவும் வென்றனர். இருவரும் மேட்டுநில மக்களே. நம் மண்ணிலும் ஹட்டன் பகுதியிலிருந்து புறப்பட்டு, 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்களில் தேசிய மட்டத்தில் பெயர் பெற்றார் குமார் சண்முகேஸ்வரன்.

எனினும் உயரம் மட்டும் போதாது. ஒட்சிசனைச் சுமப்பது குருதி. அக்குருதிக்கு வேண்டுவது இரும்புச்சத்து. தோட்டப்புறப் பெண்களிடையே குருதிச்சோகை நெடுங்காலமாகக் காணப்படும் ஒரு குறை. நாம் விளைவிக்கும் தேயிலையே இங்கு ஒரு சிறு பகையாகின்றது. ரொட்டியுடன் சாயம் மிகுந்த தேநீரைப் பருகினால், தேநீரிலுள்ள பொருள்கள் உணவின் இரும்பை உடல் ஏற்காவண்ணம் தடுத்துவிடுகின்றன. தேநீரை விட்டுவிடுங்கள் என்று மலையகத்தில் எவரும் சொல்லத் துணியார்! உணவுக்குப் பின் ஒரு மணி நேரமேனும் கழித்துப் பருகுங்கள் என்பதே என் வேண்டுகோள். பருப்பு, கீரை, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றோடு சிறிது தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ சேர்வது நலம். ஓட்டத்தின் நடுவே மூச்சிரைத்து நின்றுவிடும் சிறுமியைக் கடிந்துகொள்ளுமுன் அவளது குருதியைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

இனி அந்த ஓய்வு நாளில் செய்யத்தக்கது யாது? பாண் சுடுங்கள் என்பேன். லயத்து அடுப்படியில் போறணை இல்லையே எனலாம். தடித்த சட்டியில் இரண்டங்குல உயரத்திற்கு மணல் பரப்பி, மூடியிட்டு நன்கு சூடாக்கினால் அதுவே போறணை. கவ்வாத்து மிலாறு எரிந்த தணலில் கொஞ்சம் மூடியின்மேல் இட்டால் மேற்புறமும் சிவக்கும்.

கோதுமை மா 400 கிராம், குரக்கன் மா 100 கிராம், ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, சிறிது சீனி, இளஞ்சூடான நீர் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர். பத்து நிமிடம் நன்கு பிசைந்து, ஈரத்துணியால் மூடி வையுங்கள். இரு மடங்காகப் பொங்கியதும் மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் பூசிய தகரத்தில் இட்டு, மீண்டும் பொங்கவிட்டு, மணற்சட்டியில் வைத்து முக்கால் மணி நேரமளவு சுடுங்கள். குரக்கனில் உள்ள ஓர் அமிலம் இரும்பைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. மா பொங்கும்போது அதில் ஒரு பகுதி சிதைந்துவிடும் என்பது இன்னுமொரு நன்மை.

எத்தனை நாழிகை பொங்கவிட வேண்டும் என்று கேட்காதீர்கள். மலைக்குளிர் ஈஸ்டின் வேலையைத் தாமதப்படுத்தும்; குறைந்த காற்றழுத்தமோ மாவை எளிதாக உப்பச் செய்யும். ஆதலின் கடிகாரத்தைப் பாராது மாவைப் பார்க்க வேண்டும். ஓடுபவர்க்கும் இதுவே விதி. காலையில் கண்விழித்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வாருங்கள். வழக்கத்தைவிட அது கூடியிருந்தால் உடல் இன்னும் ஆறவில்லை என்பது பொருள். அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் அன்று நடந்தாற் போதும். இலகுவான நாளில் பக்கத்தில் வருபவருடன் தடையின்றிப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். இரவில் எட்டு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கமும் வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் வீணாகவா கூறினர்?

இறுதியாக ஒன்று. இந்தப் பாணைச் சுட வேண்டியவர் அம்மா அல்லர், ஓடுகின்ற பிள்ளையே. வாரம் முழுவதும் கொழுந்து நிறைந்த கூடையோடு மலையேறி இறங்கும் அன்னையின் உழைப்பு எந்த நெடுந்தூர ஓட்டத்திற்கும் குறைந்ததன்று. அவருக்குப் பதக்கம் இல்லை, கைதட்டல் இல்லை, ஞாயிற்றுக்கிழமையிலும் அடுப்பும் துணி துவைக்கும் கல்லும் காத்திருக்கின்றன. ஓய்வின்றி உடல் தேறாது என்பது ஓட்டக்காரனுக்கு மட்டும் உரிய நீதியன்று. ஆதலின், மாணவச் செல்வங்களே, ஆணாயினும் பெண்ணாயினும், உங்கள் ஓய்வு நாளில் மாவைப் பிசையும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பாண் வெந்ததும் முதல் துண்டை அம்மாவுக்குக் கொடுங்கள். அவர் அமர்ந்து உண்ணட்டும்.